புதிதாகப் போட்ட புல்தரையில் மழைத்தண்ணீர் வடியவில்லை, புல் மஞ்சளடித்து அழுகுகிறது

வாசல்தோட்டம்:

இடம் மேடவாக்கம் பக்கம். வீட்டு முன்புறம் 40க்கு 25 அடி, ஆக 1,000 சதுர அடி. ஆகஸ்ட் கடைசியில் மெக்சிகன் புல் மேட் (அடிமண்ணோடு வெட்டி விற்கும் புல் விரிப்பு) வாங்கிப் பதித்தது. அடியில் களிமண், வீடு கட்டும்போது லாரி ஏறி இறங்கி இறுகிப்போன தரை. அதன் மேல் அரையடி சவுடு (தரையை உயர்த்தக் கொட்டும் மணல் கலந்த மண்), சவுடு மேல் 2 இன்ச் செம்மண், ரோலர் உருட்டி, பிறகு மேட்.

செப்டம்பர் முழுக்கப் பச்சை குறையவில்லை. வடகிழக்குப் பருவமழை பிடித்ததிலிருந்துதான் சிக்கல். ஒரு நல்ல மழை பெய்தால் நடுவிலும் கம்பவுண்டு ஓரத்திலும் இரண்டு நாள் தண்ணீர் நிற்கிறது. கால் வைத்தால் அமுங்குகிறது. நடுப்பகுதி மஞ்சள், சில இடத்தில் பழுப்பு. மேட்டைத் தூக்கிப் பார்த்தால் வேர் பழுப்பாக, சாக்கடை நாற்றத்தோடு இருக்கிறது. மேலே பச்சைப் பாசி படர ஆரம்பித்துவிட்டது.

1,200 சதுர அடி மொட்டைமாடித் தண்ணீர் இரண்டு குழாய் வழியாக இந்தப் புல்தரை மூலையில்தான் விழுகிறது. ரோடு எங்கள் தரையைவிட அரையடி உயரம்.

நர்சரியில் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) தூவி யூரியா போடச் சொல்கிறார்கள். இன்னொருவர் ஜிப்சம் என்கிறார். மருந்துக்கடையில் பூஞ்சைக்கொல்லி கொடுத்தார்கள். எதை முதலில் செய்வது? மொத்தத்தையும் பெயர்த்தெடுக்க வேண்டியதுதானா?

---

மண்வெட்டி:

அந்த மூன்றில் எதையும் இப்போது செய்யாதீங்க. முதல் வேலை மாடிக் குழாயைத் திருப்புவது. கணக்குப் போட்டுப் பாருங்க: 100 மி.மீ. மழையில் உங்க புல்தரை மேல் நேராக விழுவது சுமார் 9,300 லிட்டர். மாடியிலிருந்து வருவது 11,000 லிட்டருக்கு மேல். புல்தரைக்கு வானம் கொடுப்பதைவிட மாடி அதிகம் கொடுக்குது! 4 இன்ச் பிவிசி குழாயும் இரண்டு எல்போவும் வாங்கி, அந்தத் தண்ணீரைப் புல்லைத் தொடாமல் மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கோ வெளிக் கால்வாய்க்கோ கொண்டுபோங்க. தற்காலிகமாகத் தரைமேலேயே குழாய் ஓடினாலும் பரவாயில்லை. இது ஒரு நாள் வேலை. இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் செய்தாலும் வீண்.

அடுத்து, தண்ணீர் எந்த அடுக்கில் நிற்குதுன்னு பார்க்கணும். உங்களுக்கு நாலு அடுக்கு இருக்கு: மேட்டோடு வந்த நர்சரி மண், செம்மண், சவுடு, களி. மேட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் மண் பெரும்பாலும் வண்டலோ களியோதான். அப்போதுதான் வெட்டும்போது உதிராது. நுண்ணிய மண்ணுக்குக் கீழே அதைவிடக் கரடான மண் இருந்தால், மேலே உள்ளது முழுக்க ஊறித் ததும்பும் வரை தண்ணீர் கீழே இறங்காது. அதனால் புல் வேர் இருக்கும் முதல் ஒன்றரை இன்ச்தான் கடைசியாகக் காயும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சவுடு வழியாக இறங்கிய தண்ணீர் களி மேல் போய் நிற்கும். நாலு பக்கமும் அஸ்திவாரம் கட்டி அடைத்திருப்பதால் சவுடு மொத்தமும் ஒரு தொட்டி ஆகிவிடும்.

எது உங்க பிரச்சினைன்னு ஒரு குழி சொல்லிவிடும். மழை விட்டு ஒன்றிரண்டு நாள் கழித்து, தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு சதுர மேட்டைத் தூக்கி வைத்துவிட்டு, ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் தோண்டுங்க. குழியின் சுவரைக் கவனிங்க. மேல் இரண்டு இன்ச் மட்டும் சொதசொதன்னு இருந்து, சவுடு வெறும் ஈரமாக இருந்தால் சிக்கல் மேட்டிலும் செம்மண்ணிலும். சவுடும் களியும் சேரும் கோட்டிலிருந்து தண்ணீர் கசிந்து குழி நிரம்பினால் தொட்டிக் கதை. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

குழி காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்க. மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குதுன்னு ஒரு குச்சியில் கோடு போட்டு அளங்க. மணிக்கு 2.5 செ.மீ. இறங்கினால் நல்ல மண். 1 செ.மீ.க்குக் கீழே என்றால் மண்ணை நம்பிப் பயனில்லை, குழாய் போட்டு வெளியேற்றியே ஆகணும்.

கூடவே சரிவும் பாருங்க. மேஸ்திரி வைத்திருக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) போதும். வீட்டுச் சுவரிலிருந்து கம்பவுண்டு வரை 25 அடிக்குக் குறைந்தது 3 இன்ச் இறக்கம் வேணும்; 5 இன்ச் இருந்தால் நல்லது. நடுவில் தண்ணீர் நிற்குதுன்னா அங்கே சவுடு கீழே இறங்கியிருக்கு. தண்ணீர் விட்டு அடுக்கடுக்காகக் கெட்டிக்காமல் அரையடியும் ஒரே தட்டில் கொட்டினால் முதல் மழையில் இப்படித்தான் ஆகும்.

ஜிப்சம் வேணுமான்னு தெரிஞ்சுக்க காசு செலவில்லாத ஒரு சோதனை: அந்தக் களியில் பட்டாணி அளவு கட்டி ஒன்றை நன்றாகக் காய வைத்து, ஒரு கண்ணாடி டம்ளர் மழைத்தண்ணீரில் மெதுவாகப் போட்டு ஆட்டாமல் வைங்க. குழாய்த் தண்ணீர் கூடாது, அதில் இருக்கும் உப்பு முடிவை மாற்றிவிடும். கட்டி உடைந்து சரிந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் ஜிப்சம் போட்டுப் பயனில்லை. சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கினால் அது சோடியம் ஏறிய மண். அதற்கு மட்டும்தான் ஜிப்சம் வேலை செய்யும்.

அதுவரை யாரையும் புல் மேல் நடக்க விடாதீங்க. ஈரக் களியை மிதித்தால் மிச்சம் இருக்கும் காற்றுத் துளையும் அடைந்துபோகும். கார்டன் ஃபோர்க் வைத்துக் குத்தச் சொல்லி யாராவது வருவாங்க, கேட்காதீங்க. ஈரத்தில் குத்தினால் துளையின் சுவர் மெழுகினது போல ஆகிவிடும், தண்ணீர் புகாது.

---

பசும்புல்:

மண்வெட்டி சொன்ன வரிசை சரி. புல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மெக்சிகன் என்று விற்பது சொய்சியா வகை. வெயிலைத் தாங்கும், மிதியைத் தாங்கும், வேரில் தண்ணீர் நிற்பதைத் தாங்காது. ஆனால் இலையும் வேரும் போனாலும் தண்டு உயிரோடு இருந்தால் மீண்டு வரும். பழுப்பான இடத்தில் ஒரு தண்டை எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, நசுங்கி, தோல் தனியாக உருவி வந்தால் அந்தச் சதுரத்தை எடுத்துக் குப்பையில் போட வேண்டியதுதான்.

யூரியா ஏன் கூடாது: காற்றில்லாத மண்ணில் தழைச்சத்தில் பெரும்பகுதி வாயுவாகப் பறந்துவிடும், மிச்சத்தை உறிஞ்ச வேர் இல்லை. உறிஞ்சினாலும் வருவது இளசான இலை, பூஞ்சைக்கு விருந்து. மஞ்சளுக்குக் காரணம் தழைச்சத்துக் குறைவோடு இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்துதான். வேர் வேலை செய்யாதபோது இலை வழியாகக் கொடுப்பதே வழி. 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்), 10 கிராம் சிட்ரிக் அமிலம் (எலுமிச்சை உப்பு). 1,000 சதுர அடிக்கு அந்த 10 லிட்டரே போதும். மாலையில், அடுத்த ஆறு மணி நேரம் மழை வராது என்று தெரிந்தால் மட்டும் தெளியுங்கள். டைல்ஸ், கிரானைட், வெள்ளைச் சுவர் மேல் பட்டால் துருக்கறை போகவே போகாது, பட்டதும் கழுவிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சமமாகக் கலந்த, தண்ணீரில் கரையும் உரம்) லிட்டருக்கு 5 கிராம். இரண்டையும் ஒரே டேங்கில் கலக்க வேண்டாம்.

பூஞ்சைக்கொல்லி எது கொடுத்தார்கள் என்று எழுதவில்லை. கார்பென்டசிம் என்றால் கவனிக்கவும்: தேங்கிய தண்ணீரில் வரும் பித்தியம் அழுகலுக்கு அது வேலை செய்யாது. பித்தியம் என்றால் இலை எண்ணெய் தடவியது போல நீர் கோத்துப் படுத்துவிடும், விடிகாலையில் பஞ்சு மாதிரி வெள்ளை இழை தெரியும். அதற்கு மெட்டலாக்சிலும் மேன்கோசெப்பும் சேர்ந்த கலவை, லிட்டருக்கு 2 கிராம். வட்ட வட்டமாகப் பழுப்பாகி, வட்டத்தின் விளிம்பு ஆரஞ்சு நிறத்தில் இருந்து, இலையை இழுத்தால் அடியோடு வந்தால் அது ரைசோக்டோனியா என்ற பூஞ்சை. அதற்கு புரோபிகோனசோல் லிட்டருக்கு 1 மி.லி. இரண்டு அடையாளமும் இல்லாமல் வெறும் மஞ்சளும் நாற்றமும் மட்டும் என்றால் நோயே இல்லை, மூச்சுத் திணறல். மருந்து வாங்கும் காசைக் குழாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். தெளித்தால் கையுறை, முகக்கவசம் கட்டாயம். காயும் வரை குழந்தைகளும் நாயும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

பாசியை ரேக் (பல் வைத்த வாருகோல்) கொண்டு மேலாகக் கீறிக் காய விடுங்கள், போதும். ஈரம் போனால் அதுவும் போகும்.

வெட்டுவதை இப்போது நிறுத்துங்கள். மறுபடி தொடங்கும்போது ஒன்றரை இன்ச்சுக்குக் கீழே இறக்க வேண்டாம், ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவும் வேண்டாம்.

---

வாசல்தோட்டம்:

இருவருக்கும் நன்றி. மாடிக் குழாயைத் திருப்பியாயிற்று. குழி தோண்டியதில் 8 இன்ச் ஆழத்தில், சவுடு களி சேரும் இடத்தில்தான் தண்ணீர் கசிகிறது. இறைத்துவிட்டாலும் சிறிது நேரத்தில் நிரம்புகிறது. களியில் மட்டும் அளந்ததில் மணிக்கு 2 மி.மீ. கூட இறங்கவில்லை. டம்ளரில் கட்டி சரிந்தது, தண்ணீர் கலங்கவில்லை. டியூப் லெவலில் நடுப்பகுதி ஓரத்தைவிட 2 இன்ச் பள்ளம். மழைநீர் சேகரிப்புத் தொட்டி ஏற்கெனவே நிரம்பி வழிகிறது, ரோட்டுக் கால்வாய் எங்கள் தரையைவிட உயரம். ஆக, தண்ணீரை எங்கேதான் விடுவது?

---

சரிவுக்கணக்கு:

ஜிப்சம் பேச்சு முடிந்தது. உங்களுடையது தொட்டிக் கதை. அதில் ஒரு நன்மையும் உண்டு: சவுடு பக்கவாட்டில் தண்ணீரைக் கடத்தும். வெறும் களியாக இருந்தால் 10-12 அடிக்கு ஒரு குழாய் ஓட வேண்டும். உங்களுக்கு இரண்டு ஓட்டம் போதும். ஒன்று நடுப்பள்ளத்தில், இன்னொன்று கம்பவுண்டு பக்கம். கம்பவுண்டை ஒட்டித் தோண்டாதீர்கள், சுவரிலிருந்து 3 அடி தள்ளித்தான். ஊறிய மண்ணில் அஸ்திவாரத்தை ஒட்டிப் பள்ளம் எடுத்தால் சுவர் சாயும்.

பள்ளம் ஒரு அடி அகலம். 40 அடி நீளத்துக்கு நூற்றுக்கு ஒன்று சரிவு என்றால் சுமார் 5 இன்ச். தொடக்கத்தில் 16 இன்ச் ஆழம், முடிவில் 21. பள்ளத்தின் அடி களிக்குள் இருக்க வேண்டும். சவுட்டோடு நின்றுவிட்டால் குழாய்க்குக் கீழே தண்ணீர் தங்கிக்கொண்டே இருக்கும். புல் மேட்டை ஒரு அடி அகலத்துக்குக் கத்தியால் கீறி எடுத்து, நிழலில் ஈரச்சாக்குக்குள் வையுங்கள். அடுக்காக வைத்தால் சூடேறி வெந்துவிடும். அன்றைக்கே திரும்பப் பதிக்கப் பாருங்கள்.

இரண்டு ஓட்டத்துக்கும் சேர்த்து வாங்க வேண்டியது: 4 இன்ச் பிவிசி குழாய் 20 அடி நீளத்தில் நான்கு, கீழே சொல்லும் மோட்டார் தொட்டியோடு இணைக்கக் கூடுதலாக ஒன்று. 20 மி.மீ. ஜல்லி 75 கன அடி, அதாவது முக்கால் யூனிட். தூசி போகக் கழுவியதாக இருக்கட்டும். கரடான மணல் 40 கன அடி. நெய்யாத வகை ஜியோடெக்ஸ்டைல் துணி (மண்ணை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடும் துணி), 150 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை), 35 சதுர மீட்டர். பச்சை நிழல்வலையை இதற்குப் பதிலாகப் போடுகிறவர்கள் உண்டு. அதன் கண் பெரியது, மண்ணை நிறுத்தாது.

குழாயில் 8 மி.மீ. துளை, அரையடிக்கு ஒரு ஜோடி. கடிகார முகமாக நினைத்தால் 4 மணியிலும் 8 மணியிலும், அதாவது கீழ்நோக்கி. பள்ளத்தில் துணியை விரித்து, 2 இன்ச் ஜல்லி போட்டுச் சரிவைச் சரிபார்த்து, குழாயை வைத்து, ஜல்லி மொத்தம் ஒரு அடி உயரம் வரும் வரை நிரப்பி, துணியை மேலே மடித்து மூடுங்கள். அதற்கு மேல் தரைவரை மணல் மட்டுமே. இங்கேதான் எல்லோரும் கெடுப்பது: தோண்டிய களியையே மேலே தள்ளி மூடிவிடுவார்கள், மேல் தண்ணீர் உள்ளே இறங்க வழியே இருக்காது. தோண்டிய மண் 120 கன அடி வரும். அதை வெளியே அனுப்பிவிடுங்கள். திரும்பப் பதிக்கும் மேட்டின் அடிமண்ணையும் ஒரு அண்டாத் தண்ணீரில் அலசி எடுத்துவிட்டு, வேர் நேராக மணலைத் தொடும்படி வையுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் ஒரு பெண்டு (வளைவுக் குழாய்) போட்டுக் குழாயைத் தரைமட்டத்துக்கு ஏற்றி மூடி வைத்தால், வருஷத்துக்கு ஒருமுறை ஹோஸ் விட்டு அலசலாம்.

தண்ணீரை எங்கே விடுவது என்ற கேள்விக்கு உங்கள் இடத்தில் ஒரே பதில்தான், மோட்டார். கசிவுக்குழி எடுத்தால் பள்ளிக்கரணை சதுப்பைச் சுற்றிய தாழ்வான பகுதிகளில் மழைக்காலத்தில் நிலத்தடி நீரே மேலே வந்து நிற்கும். குழி தண்ணீரை வாங்காது, கொடுக்கும். அதனால் மோட்டார் தொட்டிக்காகத் தாழ்ந்த மூலையில் 3 அடி விட்டத்தில் ஐந்து சிமெண்ட் உறை இறக்கி, அடியில் கான்கிரீட் போட்டு, உறைகளுக்கு நடுவே சிமெண்டு பூசி அடையுங்கள். அடைக்காவிட்டால் மோட்டார் ஊர்த்தண்ணீரையெல்லாம் இறைத்துக்கொண்டிருக்கும். ஒரு அடி உயரத்துக்கு 200 லிட்டர் பிடிக்கும்.

மோட்டார் அளவு: மணிக்கு 25 மி.மீ. மழைக்கு உங்கள் புல்தரைக்கு நிமிடத்துக்கு 40 லிட்டர்கூட வராது. 3 மீட்டர் உயரத்துக்கு நிமிடம் 100 லிட்டர் தள்ளும் அரை எச்.பி. கழிவுநீர் சப்மெர்சிபிள், ஃப்ளோட் சுவிட்சோடு (தண்ணீர் ஏறினால் மிதந்து மோட்டாரைத் தானே ஓட்டும் சுவிட்ச்) போதும். மாடித் தண்ணீரை இதில் இணைக்காதவரைதான் இந்தக் கணக்கு. குழாய் வந்து சேரும் வாய்க்குக் கீழேயே மோட்டார் ஓடத் தொடங்கும்படி ஃப்ளோட்டைக் கட்டுங்கள். வெளியேறும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது), மின் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிப்பது) இரண்டும் இல்லாமல் ஓட்டக் கூடாது. தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் விடுங்கள். பாதாளச் சாக்கடை மேன்ஹோலில் விடக் கூடாது, மழையில் அது தெருவிலும் உங்கள் குளியலறையிலும் பொங்கும்.

---

மண்வெட்டி:

குழாய் வேலையை ஈரத்திலேயே செய்யலாம், பலகை போட்டு அதன் மேல் நின்றுகொண்டு. ஆனால் நடுப்பள்ளத்தை நிரப்புவதும் மற்ற மண் வேலையும் தை பிறந்த பிறகு, களி பிசுபிசுப்பு விட்ட பிறகுதான். மொத்தமாகப் பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஓரங்களில் வேர் மூன்று இன்ச் இறங்கியிருந்தால் அதை விட்டுவிடலாம். 2 இன்ச் பள்ளமான இடத்தில் மட்டும் மேட்டை எடுத்து, செம்மண்ணைக் கிளறி, அதே செம்மண்ணோடு மட்கிய எருவை நாலுக்கு ஒன்று கலந்து உயர்த்துங்க. வேறு மண் கொண்டுவந்து ஐந்தாவது அடுக்கு உண்டாக்காதீங்க.

மணல் தூவுவது பிப்ரவரி, மார்ச்சில், புல் தளிர் விடும்போது. முதலில் குழல் ஆணி (மண்ணை உருளையாக வெளியே எடுக்கும், உள்ளே குழிவான ஆணி) வைத்துத் துளை: அரை இன்ச் விட்டம், 3 இன்ச் ஆழம், இரண்டரை இன்ச் இடைவெளி. வெளியே வரும் மண் உருளைகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, 5 மி.மீ. கனத்துக்கு மணல் பரப்பித் தென்னந்துடைப்பத்தால் துளைக்குள் தள்ளுங்க. 1,000 சதுர அடிக்கு 16 கன அடிதான் ஆகும். ஒரு லோடு கொட்டினால் புல் மூச்சடைத்துச் சாகும். மணல் என்றால் கழுவிய ஆற்று மணல், கிடைக்காவிட்டால் கழுவிய எம்-சாண்ட். கிரஷர் டஸ்ட்டும் பூச்சுவேலை மணலும் வேண்டாம், அதன் மாவு துளைக்குள் போய் சிமெண்டாக இறுகும். அதேபோல் களியோடு கொஞ்சம் மணலைக் கொத்திக் கலப்பதும் வேலைக்கு ஆகாது. களியின் இயல்பு மாற முக்கால் பங்குக்கு மேல் மணல் வேணும், அதற்குக் களியைத் தூக்கிவிட்டு மணலே நிரப்பலாம்.

---

பசும்புல்:

ஒரு மாற்று யோசனை. கம்பவுண்டு ஓரம் அந்த 3 அடிக்குப் புல்லே வேண்டாம். அந்தப் பட்டையை 3 இன்ச் தாழ்த்திக் கல்வாழை வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. சுவர் நிழலில் சொய்சியா எப்படியும் மெலியும். புல்தான் வேண்டும் என்றால் எருமைப்புல். கடலோரப் பாஸ்பலம் கிடைத்தால் ஈரம், உப்பு இரண்டையும் தாங்கும், ஆனால் அடிக்கடி வெட்ட வேண்டும்.

பிப்ரவரியில் புதுத் தளிர் வந்ததும் அம்மோனியம் சல்பேட் சதுர மீட்டருக்கு 10 கிராம், ஆக மொத்தம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. காய்ந்த இலை மேல் தூவி உடனே தண்ணீர் விடுங்கள்.

---

வாசல்தோட்டம்:

கல்வாழை யோசனை வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். அப்படியானால் கம்பவுண்டு பக்கக் குழாய் தேவையா?

---

சரிவுக்கணக்கு:

தேவை. கல்வாழை தண்ணீரைத் தாங்கும், வெளியேற்றாது. அந்தப் பட்டையில் நிற்கும் தண்ணீர் சவுடு வழியாகப் புல்லுக்கே திரும்பி வரும். குழாயைச் சுவரிலிருந்து 4 அடிக்கு நகர்த்துங்கள், கல்வாழைக் கிழங்கு துணியைக் கிழிக்காமல் இருக்கும். மூடுவதற்கு முன் ஒவ்வொரு ஓட்டத்தின் மேல்முனையிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி மோட்டார் தொட்டியில் வந்து விழுகிறதா என்று பாருங்கள். துளையெல்லாம் கீழ்நோக்கி இருப்பதால் பாதிக்கு மேல் ஜல்லியில் இறங்கித் தாமதமாகத்தான் வரும். வரவே இல்லை என்றால் நடுவில் எங்கோ குழாய் தொய்ந்திருக்கிறது, துணியை மடிப்பதற்கு முன்பே சரிசெய்யுங்கள்.